உப்புப் பார்க்காத கறி

அனஸ்ரேசியா மீன் தின்னாமல் விட்டுப் பதினொரு வருடம். மீன்பிடிக் கிராமமான பேசாலையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி மீனை விட்டாள் என்றால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள், சுகமில்லையாக்கும் என்பார்கள். தின்பதைத்தான் விட்டாள், சமைப்பதை விடவில்லை. சனிக்கிழமை பிறந்தால் ரயிலேறி ஒஸ்லோவின் குறோன்லாண்டில் இறங்கிப் பாரையோ விளைமீனோ வாங்கி வருவாள். உறைந்து கல்லாகக் கிடப்பதைத் தண்ணீரில் போட்டு இளக்கி, செதிள் தட்டி, பழப்புளி கரைத்து, வெந்தயமும் உள்ளியும் தாளித்துக் குழம்பு வைத்தாளானால் ஹவுகன்ஸ்டுவாவில் அந்த அடுக்குவீட்டின் மாடிப்படி முழுக்க மணக்கும். மேல்வீட்டு நோர்வேக்காரி யன்னலைத் திறந்துவிடுவாள். திறக்கட்டுமே, அவளுக்கென்ன தெரியும்.

ஆனால் கறி கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பாளா என்றால், மாட்டாள். நாக்கில் பட்டாலும் தின்றதுதான் என்பது அவள் கணக்கு. கை அள்ளிப் போடுவதுதான் உப்பு. புருசன் கிளெமென்றும் மகள் யூலியாவும் ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்புவார்கள். மேசையில் ஊறுகாய்ப் போத்தல் மட்டும் எப்போதும் இருக்கும்.

மடுமாதாவுக்கு வைத்த நேர்த்தி அது. யூலியா எழும்பி நடக்கும் நாள்வரை மீன் தொடமாட்டேன் என்று தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம் ஆசுப்பத்திரி நடையில் நின்று வைத்தது.

அதற்கு இரண்டு நாளுக்கு முதல்தான் விபத்து நடந்தது. அப்போது யூலியாவுக்குப் பன்னிரண்டு வயது. நோர்வேக்கு வந்து இரண்டு வருடம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக்குள்ளேயே கிடப்பாள். "இந்த நாட்டுப் பிள்ளைகள் மாதிரி வெளியில போய் விளையாடன்டி" என்று சொல்லிச் சொல்லி, சிவப்பு பிளாஸ்ரிக் சறுக்குப் பலகை ஒன்றும் வாங்கிக் கொடுத்துத் துரத்தியவள் அனஸ்ரேசியாதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. சறுக்கி வந்த பிள்ளை விளக்குக் கம்பத்தில் முதுகை அடித்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போயிற்று. அந்தப் பலகையை வாங்கின கையை வெட்டிப் போட்டால் என்ன என்று அனஸ்ரேசியா எத்தனை நாள் நினைத்திருப்பாள்.

கிளெமென்ற் அப்போது வடக்கே பொட்ஸ்ஃபியோர்டில் மீன் ஃபக்டறியில் வேலை. புயலில் விமானம் இல்லை, வந்துசேர நான்கு நாள் எடுத்தது. அவள் தனிச்சுத்தான் எல்லாம் பார்த்தாள். நோர்வேஜிய மொழியில் அவளுக்கு 'நன்றி'யும் 'மன்னிக்கவும்' என்பதும் மட்டும்தான் வரும். அதனால் டொக்டர் முறைப்படி தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம் அக்கா, நான் மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறன்" என்றது குரல்.

அனஸ்ரேசியா உடனே ஆளை அறிந்துகொண்டாள். கோயில் பாடகர் குழுவில் பாடுகிற அருளானந்தனின் குரல். அவருடைய மனுசி ஞாயிற்றுக்கிழமைகளில் இவளுக்கு முன் வாங்கில்தான் இருப்பாள். கேட்டது ஒன்று என்றால் நகரத்தின் மறுமுனை மோர்டென்ஸ்ருட் வரைக்கும் பத்தாகச் சொல்லுகிற வாய்.

சட்டென்று கை நீட்டித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

"வேண்டாம். என்ர பிள்ளை சொல்லும்" என்று யூலியாவைக் காட்டினாள்.

டொக்டர் தலையாட்டி மறுத்தார். பிள்ளையைக் கொண்டு சொல்விப்பது சரியில்லை என்றார். மொழிபெயர்ப்பாளர் வெளியே சொல்லமாட்டார், சத்தியம் செய்தவர் என்றார். அதையும் கட்டிலில் கிடந்த பிள்ளைதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"சத்தியம் பண்ணினவருக்கு மனுசி இல்லையோ?" என்றாள் அனஸ்ரேசியா. "பொம்பிளைப் பிள்ளை இது. நாளைக்கு நடந்து திரியேக்கை, 'அந்த ஏலாத பிள்ளை' எண்டு ஒரு சனமும் சொல்லக் கூடாது. நீ கேட்டுச் சொல்லு."

வேறு மொழிபெயர்ப்பாளர் என்றார்கள். அதுவும் ஒரு தமிழாள்தானே, மாட்டேன் என்று அழுதுகொண்டு நின்றாள். கடைசியில் டொக்டர் கட்டிலருகே முழங்காலிட்டு இருந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே, மெதுவாக, விட்டு விட்டு, வெகுநேரம் கதைத்தார். யூலியா கேட்டுக்கொண்டே கிடந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். போர்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"காலப்போக்கில சரிவருமாம் அம்மா. பொறுக்க வேணுமாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சவர், இவ்வளவுதானோ?"

"நோர்வேஜியனில எல்லாம் நீட்டித்தான் சொல்லுவினம் அம்மா."

அனஸ்ரேசியா சிலுவை போட்டுக்கொண்டு நடைக்குப் போய் நேர்த்தி வைத்தாள்.

காலம் போயிற்று, சரிதான் வரவில்லை. பிள்ளை சக்கரக்கதிரையில் வீட்டுக்கு வந்தாள். பதினாலு வயதில் கூடைப்பந்து என்று வெளிக்கிட்டாள். பிறகு மாரியில் இருந்தபடியே இரண்டு தடியை ஊன்றித் தள்ளும் பனிச்சறுக்கு. கோடையில் மூன்று சில்லு வைத்த நீட்டு ஓட்டக்கதிரை. முழங்காலை மடித்து, இடுப்புக்குக் கீழே செருகிக்கொண்டு, குனிந்த குனியில் கையால் அறைந்து அறைந்து போவது. மாரியில் பனி, கோடையில் தடம், இடையில் பந்து. ஒரு பருவமும் சும்மா இருந்ததில்லை. இருபது வயதில் நோர்வேயில் எண்ணூறு மீற்றரில் அவளை வெல்ல ஆளில்லை. தோள் இரண்டும் படகுகாரனுடைய தோள் போல் ஆயிற்று.

கிளெமென்ற் ஒஸ்லோவுக்கே வந்து பஸ் கழுவும் வேலை எடுத்துக்கொண்டு மகளை ஏற்றி இறக்கினான். சில்லுக்கு றப்பர் ஒட்டினான், கையுறைக்குத் தோல் தைத்தான், ஒவ்வொரு ஓட்டத்தையும் வீடியோ எடுத்தான். கோயில் வாசலில் எதிர்ப்பட்டவரை எல்லாம் பிடித்து நிறுத்தி, "எங்கட யூலியாவின்ர நேரம் தெரியுமோ?" என்பான். வெற்றிக் கிண்ணங்கள் மட்டும் நிலவறையில், பழைய சில்லுகளோடு கிடந்தன. முன்னறையில் வைக்க அனஸ்ரேசியா விடவில்லை.

ஒரு போட்டிக்கும் அவள் போனதில்லை.

"இஞ்சாரும், ஒருக்கால் வந்து பாருமன். பறக்கிறாள் பிள்ளை" என்று கிளெமென்ற் கெஞ்சுவான்.

"நாளைக்கு நடக்கப் போற பிள்ளையை நான் ஏன் இண்டைக்குக் கதிரையில பாக்க வேணும்? நீங்கள் கதிரையைக் கொண்டாடக் கொண்டாட மாதா என்ன நினைப்பா? இதுகளுக்கு இது போதும்போல எண்டு விட்டிடுவா."

கிளெமென்ற் வாகனச் சாவியை எடுப்பான். பிள்ளை இனி நடக்காது என்பது அவனுக்கு முதல் வருடமே தெரியும். ஒருவரும் வாயால் சொல்லவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டான். மீன் வைக்காத மனுசியின் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அதைச் சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான். கோழை என்றால் கோழைதான்.

இதற்குள் அனஸ்ரேசியாவும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஸ்தொவ்னர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் அறை. எட்டு வருடமாகப் படுக்கை விரிப்பும் உள்ளுடுப்பும் பிரித்துப் போட்டுப் போட்டு, எந்தக் கறை என்ன கறை என்று தொலைவில் பார்த்தே சொல்லுவாள். காலையில் துணி கொண்டுபோய்க் கொடுக்கும்போது கிழவிகள் கையைப் பிடித்துக்கொண்டு கதைப்பார்கள். அப்படியே நோர்வேஜிய மொழியும் வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டில் அதை அவள் வெளியே எடுப்பதில்லை. மகளோடு தமிழ்தான். அம்மாவுக்கு மொழி வராது என்ற பழைய எண்ணத்திலேயே யூலியா இருந்தாள். கடிதம் வந்தால் இன்னும் அவள்தான் வாசித்துச் சொல்லுவாள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு சித்திரை. பனி கரைந்து, தெருவில் போட்ட சரளைக்கல் சப்பாத்தில் நறநறக்கும் காலம். யூலியாவுக்கு இருபத்துமூன்று வயது. புரட்டாதியில் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் முடிந்த கையோடு நடக்கிற மாற்றுத்திறனாளிகள் போட்டிக்கு அவளுடைய பெயர் ஏறக்குறைய எழுதியாயிற்று. வைகாசியில் சுவிற்சலாந்தில் ஒரு ஓட்டம். அதில் வேண்டிய நேரத்துக்குள் வந்துவிட்டால் போதும். அந்த ஓட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, பயிற்சிக் காற்சட்டையைத் தோய்க்க எடுத்த அனஸ்ரேசியா அப்படியே நின்றுவிட்டாள்.

"இதென்னடி?"

"சில்லு எண்ணெய் அம்மா."

"சில்லு எண்ணெய் இப்பிடி மணக்குமே?"

"வியர்வையும் சேர்ந்தது. தாங்கோ இஞ்சை, நான் தோய்க்கிறன்."

அனஸ்ரேசியா கொடுக்கவில்லை. முதியோர் இல்லத்தில் ஐந்தாம் அறைக் கிழவரின் விரிப்பில் இதே கறை வந்தது, இதே மணம். படுக்கைப்புண். ஒன்றரை மாதத்தில் அந்த மனிசனைப் பெட்டியில் கொண்டுபோனார்கள்.

"காட்டு."

"அம்மா!"

"காட்டடி எண்டுறன்."

பிட்டத்தில், இருக்கும்போது அழுந்துகிற எலும்புக்கு மேலே பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. கழற்றினால் பெருவிரல் போகும் பள்ளம். பிள்ளைக்கு நோவு தெரியாதே. கைக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஒரு மாதமாக ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். மறுநாளே தாய் அவளை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நீங்கள் வெளியில் இருங்கோ என்று யூலியா எவ்வளவோ சொன்னாள், அனஸ்ரேசியா கேட்கவில்லை.

டொக்டர் இளம் பெண். புண்ணைச் சோதித்து, குச்சி விட்டு அளந்து, கையுறையைக் கழற்றிவிட்டு மகளுக்குச் சொல்லத் தொடங்கினாள். அனஸ்ரேசியா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு கேட்டாள். எலும்பைத் தொட்டிருக்கிறது. இன்றிலிருந்து கதிரையில் இருக்கவே கூடாது, குப்புறப் படுக்க வேண்டும், மாதக் கணக்கில். சத்திரசிகிச்சை வேண்டிவரும். இந்த வருடம் போட்டி இல்லை. இரத்தத்தில் கிருமி ஏறினால் உயிர் போகும். எல்லாம் அவளுக்கு முதியோர் இல்லத்தில் பழகின சொற்கள். ஒன்றும் விடாமல் விளங்கியது.

"அம்மாவுக்கும் சொல்லுங்கள்" என்றாள் டொக்டர்.

யூலியா சுவரைப் பார்த்தாள். விரல்கள் கதிரைச் சில்லின் விளிம்பைத் தடவின.

"சின்னப் புண்ணாம் அம்மா. கிறீம் பூசினால் மூண்டு கிழமையில மாறுமாம். சுவிற்சலாந்துக்குப் போகலாமாம்."

அந்தக் குரல். அந்தச் சுவர்ப் பார்வை. அனஸ்ரேசியாவுக்குப் பதினொரு வருடத்துக்கு முந்தின கட்டிலும் போர்வை நுனியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஐயோ, அன்றைக்கும் இப்படித்தானா? அன்றைக்கும் இப்படித்தான் சொன்னாளா?

"அவ்வளவு நேரம் கதைச்சவ, இவ்வளவுதானோ?" என்று எப்படியோ கேட்டாள்.

"நோர்வேஜியன்தானே அம்மா" என்று சிரித்தாள் யூலியா.

டொக்டரின் கையைப் பிடித்துத் தலையாட்டிவிட்டு அனஸ்ரேசியா வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "போகாதை பிள்ளை" என்றாள்.

"டொக்டர் போகலாம் எண்டவதானே."

"எனக்காகப் போகாதை."

"அம்மா, இது ஒரு ஓட்டம். ரெண்டு நிமிசம். அதுக்குப் பிறகு எவ்வளவு நாளும் படுக்கிறன்."

படுக்கிறன் என்றாளே! படுக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாய் தவறியது பிள்ளைக்குத் தெரியவில்லை. ஓட்டத்துக்கு மூன்று கிழமை கிடக்க, அடுத்த நாள் காலையே பொதி கட்டத் தொடங்கினாள்.

அன்றைக்கு அனஸ்ரேசியா வேலைக்குப் போகவில்லை. யூலியா பயிற்சிக்குப் போன பிறகு, குளிர்பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்த பயிற்சியாளர் ஹெல்கெயின் இலக்கத்தைச் சுழற்றினாள். வருடக்கணக்காகக் கண்ணில் பட்ட இலக்கம். ஒரு நாளும் எடுத்ததில்லை.

"நான் யூலியாவின் அம்மா" என்றாள் நோர்வேஜிய மொழியில். அந்தப் பக்கம் நம்பாமல் திரும்பக் கேட்டது. "யூலியாவுக்குப் படுக்கைப்புண். எலும்பு வரைக்கும். அவள் சொல்லமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்."

வைத்துவிட்டுக் கழுவுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை இனி நடக்காது என்று நேற்றுத்தான் தெரிந்தது. அவளுக்கு இந்த ஓட்டம்தான் காலும் உயிரும் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கின கையோடு அதைப் பறித்தும் கொடுத்தாயிற்று.

யூலியா மத்தியானமே திரும்பி வந்தாள். கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஆர் ஹெல்கெக்குச் சொன்னது? நீங்களோ? உங்களுக்கு எப்பிடி...?"

"எனக்கு விளங்கும் பிள்ளை. டொக்டர் சொன்னது எல்லாம் விளங்கினது."

யூலியாவின் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான். பிறகு கத்தினாள்.

"இத்தனை வருசம் ஓடினன். ஒரு நாள் வந்து பாத்தனீங்களே? ஒரு நாள்? மற்றப் பிள்ளைகளின்ர அம்மாமார் கொடி பிடிச்சுக்கொண்டு நிப்பினம். அப்பா தனிய கமெராவோட நிப்பார். ஓடேக்கை வராத ஆள், நிப்பாட்ட மட்டும் எப்பிடி அம்மா வந்தனீங்கள்?"

அனஸ்ரேசியா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். யூலியா உதறிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஆனியில் புண்ணை வெட்டினார்கள். தொடையிலிருந்து தசை எடுத்து மூடினார்கள். அது பிடிக்கவில்லை, ஆவணியில் திரும்ப வெட்டினார்கள். இனி முழங்காலை மடித்து அந்த ஓட்டக்கதிரையில் ஏறவே கூடாது, சறுக்குக்கும் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கடிதம் வந்தபோது யூலியா அதை வாசித்துச் சொல்லவில்லை. அனஸ்ரேசியா தானே வாசித்து, மடித்து, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். பிள்ளை குப்புறக் கிடந்தாள். தாய் துடைத்தாள், மருந்து கட்டினாள், ஊட்டினாள். 'ஓம்', 'வேண்டாம்' என்பதற்கு மேல் அந்தக் கோடை முழுக்க இருவருக்கும் இடையில் கதை இல்லை.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, எண்ணூறு மீற்றர் ஓட்டம். கிளெமென்ற் கட்டில் தலைமாட்டில் முக்காலி வைத்து அதில் கணினியை வைத்தான். எட்டுக் கதிரைகள் வரிசையில் நின்றன. யூலியா சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. யாரோ ஒருத்தி கையைத் தூக்கினாள். யூலியா மூடியைச் சாத்தினாள்.

"எடுங்கோ அப்பா."

கிளெமென்ற் கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். அவனுடைய கண்ணும் நன்றாக இல்லை.

அனஸ்ரேசியா சோற்றுக் கோப்பையோடு வந்து நிலத்தில் இருந்தாள். அப்போதுதான் குப்புறக் கிடக்கும் முகத்துக்கு நேரே கை போகும். பாரைக் குழம்பை விட்டுப் பிசைந்து, முள் பார்த்துப் பார்த்து எடுத்து, இரண்டு பிடி ஊட்டினாள். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளை, அண்டைக்கு அந்த டொக்டர் சொன்னதைச் சொல்லு."

"எந்த டொக்டர்?"

"முதல் டொக்டர். முழங்காலில இருந்து கதைச்சவர். இப்ப சொல்லு, நான் கேக்கிறன்."

யூலியா தலையணையில் முகத்தைப் புதைத்தாள். பிறகு, மொழிபெயர்க்கிறவர்கள் சொல்லுகிற மாதிரி, விட்டு விட்டுச் சொன்னாள்.

"'உன்ர முள்ளந்தண்டு அறுந்திட்டுது. நீ இனி நடக்கமாட்டாய்.'"

"பிறகு?"

"'ஆனால் உன்ர கை ரெண்டும் நல்ல பலம். நீ படிக்கலாம், வேலை செய்யலாம், விளையாடலாம். உன்னை விளையாட விடச் சொல்லி, வந்து பாக்கச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லு.'"

"பிறகு?"

"'அம்மா கடுமையா அழுறா. அந்தப் பலகை வாங்கிக் குடுத்தது பிழை இல்லை எண்டு சொல்லு. எந்த அம்மாவும் வாங்கிக் குடுப்பா எண்டு சொல்லு.'"

"அதையாவது சொல்லியிருக்கலாமேடி..."

"முதலாவதைச் சொல்லாமல் மற்றதுகளைச் சொல்லேலாதே அம்மா." யூலியா விம்மினாள். "எனக்குப் பன்னிரண்டு வயசு. நீங்கள் அப்பிடி அழுதுகொண்டு நிண்டனீங்கள். கொஞ்ச நாள் போகச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். பாத்தால் நீங்கள் மீனை விட்டிட்டீங்கள். ஒவ்வொரு சனியும் உங்கட கோப்பையைப் பாக்கிறதும், சொல்லுவம், சொல்லுவம் எண்டு நினைக்கிறதும்... பிறகு ஏலாமல் போட்டுது."

அனஸ்ரேசியா அந்தத் தலைமயிரைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டாள். கையில் இருந்த பிடியைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் வாயில் வைத்தாள்.

"இஞ்சாரும்!" என்றான் வாசலில் நின்ற கிளெமென்ற்.

அவள் மென்றாள். கண்ணீர் கன்னத்தால் இறங்கி வாய்க்குள் போயிற்று. அப்படியும் உப்பில் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னொரு துண்டு கிள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இதில உப்பே இல்லையே."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இண்டைக்கு மட்டுமோ, எப்பவும் இப்பிடித்தானோ?"

கிளெமென்ற் நிலத்தைப் பார்த்தான். "எப்பவும்தான்" என்றாள் யூலியா, தலையணைக்குள்.

"பதினொரு வருசமாவோ?"

"ஓம் அம்மா."

"ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

கிளெமென்ற் குசினிக்குப் போய் உப்புப் போத்தலைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அனஸ்ரேசியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு சிட்டிகை தூவி, சோற்றைத் திரும்பப் பிசைந்து மகளுக்கு ஒரு பிடி ஊட்டினாள்.

"இப்ப சரியோ?"

"சரி அம்மா."

"என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு."

யூலியா தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றாள்.